மூணு சாமி லைட்டும் ஒரு குண்டு பல்பும்

ஊர் பேரு வேணாம். மரக்காணத்துலேர்ந்து கூனிமேடு போற வழியில, ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடலு, நடுவுல நாங்க. அவ்ளோ தெரிஞ்சா போதும். அந்தம்மா பேரும் வேணாம். சொன்னா எங்கேர்ந்தாவது போன் பண்ணித் திட்டும். எங்களுக்கு எப்பவுமே நர்ஸம்மாதான். ரிட்டையர் ஆனப்பறமும் நர்ஸம்மாதான். இப்போ ஓசூர்ல மக வீட்டுல இருக்குது. அங்கயும் யாராவது நர்ஸம்மான்னு கூப்பிடறாங்களா, இல்ல வெறும் பாட்டி ஆயிடுச்சான்னு எனக்குத் தெரியல.

நான் லைட்டு செட்டு, சவுண்டு செட்டு வெச்சிருக்கறவன். கங்கையம்மன் கோயில் திருவிழாவுக்கும் நான்தான், பள்ளிவாசல்ல ரம்ஜானுக்கு மினாராவுல சீரியல் செட்டு சுத்தறதும் நான்தான், சர்ச்சுல மாதா செலை இருக்கற குகை மாதிரி கெபிக்கு ஃபோகஸ் லைட்டு கட்டறதும் நான்தான். எங்கப்பா காலத்துலேர்ந்து இதுதான் பொழப்பு. அதனால நர்ஸம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "ஏய் லைட்டு"ன்னுதான் கூப்பிடும். எனக்குக் கோவம் வரும். இவ்ளோக்கும் எனக்குப் பேரு வைக்கறதுக்கு முன்னாடியே என்னைக் கையில தூக்கினது அந்தம்மாதான்.

எனக்கு மட்டும் இல்ல. எங்க ஊர்ல நாப்பது வயசுக்குள்ள இருக்கற வளர்ந்த ஆளு யாரை வேணாலும் நிக்க வெச்சுக் கேளு, நர்ஸம்மா கையிலதான் பொறந்திருப்பான். அந்தம்மா வீடு ஊருக்குக் கடைசியில, சவுக்குத் தோப்பை ஒட்டி, கடலைப் பார்த்த மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மழை நாள்ல, உப்பளத்துல வேலை செய்யற பொம்பளை ஒருத்தி வலி எடுத்து வந்திருக்கா. கரண்டு இல்ல. பாத்தி வரப்புல வழி தெரியாம சுத்திச் சுத்தி, குழந்தை வரப்புலயே பொறந்து தங்காம போயிடுச்சு. மறுநாளே நர்ஸம்மா எங்கப்பாவை இழுத்துக்கினு போயி, மொட்டை மாடியில இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில ஒரு குண்டு பல்பு மாட்டச் சொல்லியிருக்குது. கரண்டு போனா எரியறதுக்கு ஒரு பேட்டரி. அன்னிலேர்ந்து அந்தப் பல்பு எரிஞ்சா நர்ஸம்மா வீட்டுல இருக்குதுன்னு அர்த்தம். லீவுல ஊருக்குப் போனா மட்டும் அணைச்சுட்டுப் போகும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உப்பளத்துலேர்ந்தும் குப்பத்துலேர்ந்தும் பொம்பளைங்க நடந்து வருவாங்க. படகுக்காரங்களுக்கும் அதுதான் கரை அடையாளம்.

சரி, அந்தம்மாவோட கோளாறுக்கு வர்றேன். ரெண்டு பேருக்குள்ள தகராறுன்னு வந்தா, நியாயம் யார் பக்கம் இருக்குதோ அவங்களைத்தான் திட்டும். தப்பு பண்ணவனை ஒரு வார்த்தை சொல்லாது. இது எனக்கு இன்னிக்கு வரைக்கும் முழுசாப் புரிஞ்சதில்ல.

ஒரு தடவை ஈசிஆர்ல ஓரமா சைக்கிள்ல போயிக்கினு இருந்தேன். பின்னால வந்த லோடு ஆட்டோக்காரன் இடிச்சுத் தள்ளிட்டான். நெத்தி கிழிஞ்சு ரத்தம். அந்த டிரைவரே என்னை ஏத்திக்கினு நர்ஸம்மா வீட்டுக்கு வந்தான். பஞ்சை வெச்சு அழுத்திக்கினே கேக்குது.

"நீ ஓரமாத்தானே போன?"

"ஆமாம் நர்ஸம்மா."

"இவன்தானே பின்னால வந்து இடிச்சான்?"

"ஆமாங்க."

"அப்பறம் இன்னாத்துக்குடா நடுரோட்டுல நின்னு இவன் சட்டையைப் புடிச்ச? மூளை இருக்குதா உனக்கு? ரத்தம் ஊத்துது, இவருக்குப் பஞ்சாயத்து கேக்குது."

அதோட விட்டுச்சா. அந்த டிரைவர் பக்கம் திரும்பி, "பயந்துட்டியா கண்ணு, மோர் குடிக்கறியா"ன்னு கேட்டுச்சு. எனக்கு மோர் குடுக்கல. நெத்தியில தழும்பு இன்னும் இருக்குது, மோர் குடுக்காத கடுப்பும் இருக்குது.

இன்னொண்ணு. உப்பு வாரற பொம்பளைங்களுக்குக் கால்ல புண்ணு வரும். உப்புத் தண்ணியில நின்னு நின்னு ஆறவே ஆறாது. மேஸ்திரி பூட்ஸு தரேன்னு சொல்லிட்டு ஏமாத்திக்கினே இருந்தான். பொம்பளைங்க வந்து முறையிட்டாங்க. நர்ஸம்மா புண்ணுக்கு மருந்து போட்டுக்கினே அவங்களைப் புடிச்சு ஏறு ஏறுன்னு ஏறுச்சு. "அவன் தரலைன்னா நீங்க ஏன் எறங்கறீங்க, காலு உங்க காலா அவன் காலா"ன்னு கத்துச்சு. ஒருத்தி அழுதுட்டா. எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு, இப்படியா பேசுவாங்கன்னு. மறுநாள் காலையில பார்த்தா, அந்தம்மா குடை புடிச்சுக்கினு உப்பளத்து வரப்புல நிக்குது. மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை பேசல. சும்மா நிக்குது. மத்தியானம் வரைக்கும் நின்னுச்சு. அவன் வண்டியை எடுத்துக்கினு திண்டிவனம் போயி பூட்ஸு வாங்கியாந்து எறக்கினான்.

இப்படிப்பட்ட ஆளை நல்லவங்கன்னு சொல்றதா, கெட்டவங்கன்னு சொல்றதா. நான் ரெண்டையும் சொல்லிப் பார்த்திருக்கேன்.

இப்போ ஆமை விஷயம். எங்க கரைக்கு வருஷா வருஷம் பங்குனி ஆமை முட்டை போட வரும். மணல்ல குழி தோண்டிப் போட்டு மூடிட்டுப் போயிடும். ஒண்ணரை மாசம் கழிச்சு குஞ்சு பொரிச்சு, பொழுது சாஞ்ச பின்னால மணலுக்கு மேல வரும். வந்ததும் வெளிச்சம் எங்க இருக்குதோ அங்க போகும். இருட்டுல கடல்தான் வெளுப்பாத் தெரியும்கறதால அதுங்களுக்கு அப்படி ஒரு புத்தி. ஆனா கரையில நம்ம லைட்டு போட்டா, கடலை விட்டுட்டு லைட்டைப் பார்த்து ஊருக்குள்ள ஓடிவரும். அப்பறம் நாய் இருக்குது, காக்கா இருக்குது, ஈசிஆர்ல வண்டி இருக்குது.

இந்த ரெண்டு மூணு வருஷமா ரம்ஜானும், கிறிஸ்டியனுங்க தவக்காலமும், மாசி மகமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வருது. எனக்கு நல்ல ஓட்டம். மூணு எடத்துலயும் என் லைட்டு. கரை பூரா ஜெகஜோதியா இருக்கும். அது குஞ்சு பொரிக்கற மாசம்னு எனக்குத் தோணவே இல்ல.

ஒரு காலையில நர்ஸம்மா தன்னோட எனாமல் டிரேவைத் தூக்கிக்கினு வந்துச்சு. வளைஞ்சு இருக்குமே, பஞ்சு கத்திரி வைக்கறது, அந்த டிரே. அதுல காஞ்சுபோன ஆமைக்குஞ்சுங்க. மொதல்ல கோயிலுக்குப் போயி நாட்டாருக்கு முன்னாடி வெச்சுது. நாட்டாருன்னா குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவரு, கோயிலும் அவர் பொறுப்புதான். அப்பறம் பள்ளிவாசலுக்குப் போயி வாசல்ல நின்னு மோதினாரைக் கூப்பிட்டுக் காட்டுச்சு. பாங்கு சொல்றது, தண்ணி ரொப்பறது, லைட்டு போடறது எல்லாம் அவர்தான். அப்பறம் சர்ச்சுக்குப் போயி உபதேசியாரு கண்ணு முன்னால நீட்டுச்சு. ஃபாதர் இல்லாத நாள்ல சர்ச்சைப் பார்த்துக்கறவரு அவரு.

மூணு பேருக்குமே வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா நாட்டார் சொன்னாரு, "ஆமை எங்க பெருமாள் அம்சம்மா, நாங்க கொல்லுவமா, அது மினாரா லைட்டு." மோதினார் சொன்னாரு, "அல்லாஹ்வோட படைப்பு, எங்களுக்கும் பொறுப்பு இருக்குது. ஆனா கெபி லைட்டுதான் நேராக் கடலைப் பார்த்து அடிக்குது." உபதேசியாரு, "கடவுள் நம்மளைத்தான் காவல் வெச்சிருக்காரு, ஆனா கோயில் சீரியல் செட்டு இருக்குதே"ன்னாரு.

எல்லாரையும் சாயங்காலம் தன் வீட்டுக்கு வரவழைச்சுது. என்னையும்தான். மோதினாருக்கு நோன்பு, உபதேசியாருக்குத் தவக்காலம், நாட்டாரு அம்மனுக்கு மாலை போட்டிருக்காரு. யாரு இன்னா சாப்பிடலாம், யாரு இன்னா சாப்பிடக் கூடாதுன்னு எனக்குத் தலை சுத்திடுச்சு. நர்ஸம்மா யாருக்கும் டீ குடுக்கல, எனக்கும்தான். மறுபடியும் ஆமை யாரோடதுன்னு பேச்சு ஆரம்பிச்சுது.

"கொழந்தைக்குப் பேரு வைக்கறதெல்லாம் அப்பறம்," அப்படின்னுது அந்தம்மா. "மொதல்ல உசுரோட இருக்கணும். அதுக்கு இப்போ இருட்டு வேணும். கரைப் பக்கத்து லைட்டை யாரு மொதல்ல அணைக்கறீங்க?"

அவங்க அணைச்சா நாங்க அணைக்கறோம்னு மூணு பேரும் மனசுக்குள்ள சொல்றது எனக்கே கேட்டுச்சு.

"எனக்குத் தெரியும்," அப்படின்னுது. "அவனவன் சாமி லைட்டை அவனவன் அணைக்க மாட்டான். கை வராது. அதனால மாத்தி அணைங்க."

அது போட்ட திட்டம் இதுதான். எல்லா எடத்துலயும் மெயின் போர்டுல வெள்ளைப் பீங்கான்ல பீஸ் கட்டை இருக்கும் இல்ல, அதைப் புடுங்கினா லைன் செத்துடும். கோயில் கரைப் பக்கத்து லைனோட பீஸ் கட்டையை மோதினாரு தெனமும் பொழுது சாய வந்து புடுங்கிக்கினு போகணும். பள்ளிவாசல் கட்டையை உபதேசியாரு. சர்ச்சு கட்டையை நாட்டாரு. காலையில அவங்கவங்க கொண்டாந்து மாட்டணும். உள்பக்கத்து லைட்டெல்லாம் எப்பவும் போல எரியும். கடலைப் பார்த்த லைட்டு மட்டும்தான்.

"இது இன்னா விளையாட்டு நர்ஸம்மா," அப்படின்னாரு நாட்டாரு.

"உன் வீட்டுக் கட்டைன்னா உனக்கு எளக்காரம். அடுத்தவன் சாமி கட்டைன்னா கையில நடுக்கம் இருக்கும். பத்திரமா வெப்ப, பத்திரமாக் குடுப்ப."

மாசி மகத்துக்குக் கரையில பந்தல் லைட்டு பேசி வெச்சிருந்தேன். "சாமி காலையில தீர்த்தவாரிக்கு வருது, சூரியன் இருக்கும்போது உன் லைட்டு எதுக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டுது. நான் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. என்னை யாரும் கேக்கவும் இல்ல.

ஆனா நடந்துச்சு. பொழுது சாயற நேரத்துக்கு மூணு பெரிய மனுஷங்க ஒருத்தர் வீட்டுச் சாமி வாசலுக்கு ஒருத்தர் நடந்து போறதை ஊரே நின்னு பார்த்துச்சு. மோதினாரு கோயில் போர்டுகிட்ட வரும்போது பூசாரி அவருக்குன்னு ஒரு ஸ்டூலை எடுத்துப் போடுவாரு. நாட்டாரு சர்ச்சுக்குப் போறப்ப மேல துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்குவாரு. எதுக்குன்னு கேட்டா, "தெரியலப்பா, கை தானாப் போவுது"ன்னாரு.

இதுல ஒரு வெள்ளிக்கிழமை மாட்டிக்கிச்சு. பள்ளிவாசல்ல பழைய காலத்து வயரிங். கரை லைட்டும் தண்ணி மோட்டாரும் ஒரே லைன். உபதேசியாரு காலையில கட்டையை மாட்ட மறந்து, ஜிப்பா பாக்கெட்டுல போட்டுக்கினே திண்டிவனம் பஸ் ஏறிட்டாரு. போனையும் வீட்டுலயே வெச்சுட்டாரு. என்கிட்ட இருந்த ஸ்பேர் கட்டை அந்தப் பழைய போர்டுக்குச் சேரல. ஜும்மாவுக்குக் கூட்டம் வருது, தொழறதுக்கு முன்னாடி கை காலு கழுவ, அதான் ஒளு செய்ய, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. நோன்பு நேரம். பசங்க சூடாயிட்டாங்க. "வேணும்னே பண்றாங்க, இதுக்குத்தான் கட்டையை அடுத்தவன் கையில குடுக்கக் கூடாதுங்கறது"ன்னு ஒருத்தன் கத்தறான். அதுல நியாயம் இருக்குது, நான் மறுக்க மாட்டேன்.

நர்ஸம்மா வந்துச்சு. எனக்குத் தெரியும் யாருக்கு விழும்னு.

"ஏன் மோதினாரே, காலையில கட்டை வரலைன்னு தெரிஞ்சுது இல்ல? ரெண்டு தெரு நடந்து போயி கேட்டா காலு தேஞ்சுடுமா? மத்தியானம் வரைக்கும் உக்காந்து கோவத்தை வளர்த்துக்கினு இருந்தீங்களா?"

அதுக்குள்ள யாரு சொன்னதுன்னு தெரியல, நாட்டாரு மீன் ஐஸு வைக்கற பீப்பாயைக் கழுவி, கோயில் போர் தண்ணியைப் புடிச்சு, லோடு ஆட்டோவுல கொண்டாந்து எறக்கறாரு. மீன் வாடை லேசா இருந்துச்சாம். அதுலயே ஒளு செஞ்சு தொழுகை நடந்துச்சு.

சாயங்காலம் உபதேசியாரு பஸ்ஸை விட்டு எறங்கினதும் விஷயம் தெரிஞ்சு, கட்டையைக் கையில புடிச்சுக்கினு ஓடி வர்றாரு. மூஞ்சி செத்துப் போயிருக்குது. நர்ஸம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லல. "உக்காருங்க, மூச்சு வாங்குது"ன்னு மட்டும் சொல்லுச்சு. மோதினாரு நோன்பு தொறக்கற கஞ்சியில ஒரு கிண்ணம் அவர் பக்கம் நகர்த்தினாரு. கறி போடாத கஞ்சிதான், சாப்பிடலாம்னாரு.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். எனக்குத் தாங்கல.

"நர்ஸம்மா, தப்பு அவரோடது. நீங்க இவரைப் போயி திட்டறீங்களே."

"தப்பு பண்ணவன் ராத்திரி தூங்க மாட்டான்டா. அவனை நான் வேற எதுக்குக் கிள்ளணும்? நியாயம் தன் பக்கம்னு இருக்கறவன்தான் நல்லாத் தூங்கி எழுந்து, காலையில சண்டைக்கு வருவான்."

புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட சொல்லிப் பார்த்தேன், புரியல.

இப்போதான் நெசமான குழப்பம் ஆரம்பிக்குது. மூணு சாமி லைட்டும் ஒழுங்கா அணையுது. கரை இருட்டாக் கெடக்குது. ஆனா காலையில பார்த்தா குஞ்சுங்க செத்துக் கெடக்குது. முன்னைவிட அதிகமாவே கெடக்குதுன்னு ஃபாரஸ்ட்டு வாட்ச்சர் வந்து சொல்லிட்டுப் போறாரு. இது எப்படின்னு ஒருத்தருக்கும் தெரியல. யாரோ திருட்டுத்தனமா லைட்டு போடறாங்கன்னு ஆச்சு. நாட்டாரு மோதினாரைச் சந்தேகப்படறாரு, மோதினாரு உபதேசியாரை, உபதேசியாரு நாட்டாரை. பேச்சு கொறைஞ்சுது. கோயில் பூசாரி ஸ்டூல் எடுத்துப் போடறதை நிறுத்திட்டாரு. அப்பறம் மூணு பேரும் ஒண்ணா என் கடைக்கு வந்தாங்க.

"உன்கிட்டதான்யா ஸ்பேர் கட்டை இருக்குது," அப்படின்னாரு நாட்டாரு. "எவனுக்குக் குடுத்த?"

"இன்னா நாட்டாரே, நான் எதுக்குக் குடுக்கறேன்?"

"லைட்டு அணைஞ்சா உனக்குத்தானே நஷ்டம்," அப்படின்னாரு உபதேசியாரு. மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா சொன்னாரு. நாளையிலேர்ந்து அவங்கவங்க கட்டையை அவங்கவங்களே வெச்சுக்கலாம்னு பேசிக்கினே போயிட்டாங்க.

எங்கப்பா காலத்துலேர்ந்து மூணு வாசல்லயும் செருப்பைக் கழட்டிட்டுப் போயி வேலை செஞ்சவன் நான். அழுகை வந்துடுச்சு. மறுநாள் விடிகாலையில கரைக்குப் போனேன். யாரு லைட்டுன்னு நானே கண்டுபுடிச்சுடறேன்னு.

ஆமைக்குஞ்சு நடந்தா மணல்ல சின்னச் சின்னதா வரி விழும். நெறைய வரி இருந்துச்சு. கடல் பக்கம் ஒண்ணு ரெண்டுதான். மத்ததெல்லாம் ஊர்ப் பக்கம் திரும்பியிருக்குது. கோயில் பக்கம் போவல. பள்ளிவாசல் பக்கமும் சர்ச்சுப் பக்கமும் போவல. படகுங்களைத் தாண்டி, வலை காயப் போட்ட எடத்தைச் சுத்தி, சவுக்குத் தோப்புக்குள்ள போவுது. நானும் போனேன். தோப்பு முடியற எடத்துல நிமிர்ந்து பார்த்தேன். மாடியில கம்பம். உச்சியில பல்பு. விடிஞ்சும் எரிஞ்சுக்கினு இருந்துச்சு.

பொறந்ததுலேர்ந்து பார்க்கறேன் அதை. எங்கப்பா மாட்டினது. அதை ஒரு லைட்டுன்னு நானே நெனைக்கல பாரு.

கேட்டுகிட்ட நர்ஸம்மா குத்துக்கால் போட்டு உக்காந்துக்கினு, குரோட்டன்ஸ் செடிக்கு அடியில கையை விட்டுத் தேடிக்கினு இருந்துச்சு. பக்கத்துல டிரே. டிரேயில செத்தது. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் பேசின்ல ஈர மணல், அதுல நாலஞ்சு உசுரோட நெளியுது. அந்த பேசினை எனக்குத் தெரியும். எங்க ஊர்க் கொழந்தைங்களைக் குளிப்பாட்டின பேசின்.

"இன்னா லைட்டு, இவ்ளோ காலையில."

"நர்ஸம்மா, தடம் இங்க வந்து நிக்குது."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முன்னாடி எப்பவாவது ஒண்ணு ரெண்டு வரும். எடுத்துக்கினு போயி விட்டுடுவேன். நீங்க எல்லாத்தையும் அணைச்சீங்க பாரு, அன்னிலேர்ந்து எல்லாம் இங்கதான் வருது." டிரேயைப் பார்க்காம பேசுது. "மூணு சாமி லைட்டும் அணைஞ்சா போதும்னு நெனச்சேன்டா. நம்ம ஒத்தப் பல்பு இன்னா பண்ணிடப் போவுதுன்னு நெனச்சேன்."

எனக்குக் கோவம் வந்துச்சு. உன்னால எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்கன்னு கத்தணும்போல இருந்துச்சு. ஆனா நியாயம் என் பக்கம். அப்போ திட்டு எனக்குத்தான் விழும்னு தயாரா நின்னேன். திட்டவே இல்ல. அதுதான் எனக்கு பயமாப் போச்சு.

"யாருங்க இப்போ வரப் போறாங்க," அப்படின்னேன். "போன் பண்ணா 108 வருது. எல்லாரும் ஜிஎச்சுக்குப் போறாங்க. அணைச்சுட்டா இன்னா?"

"எனக்குத் தெரியாதா? கடைசியா ஒருத்தி வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு." பேசினுக்குள்ள வெரலை விட்டு ஒரு குஞ்சை நேராத் திருப்பி விட்டுச்சு. "தெனமும் அணைக்கலாம்னு மாடிக்குப் போறேன். போயிட்டுத் திரும்பி வந்துடறேன். கை வரமாட்டேங்குது."

அந்த வார்த்தையை அந்தம்மா வாயில நான் அப்படிக் கேப்பேன்னு நெனைக்கல.

அப்பறம், "போ, நீயே புடுங்கு,"ன்னுது. மீட்டர் போர்டுகிட்ட போனேன். பீஸ் கட்டையை ரெண்டு கையாலயும் புடிச்சு மெதுவாப் புடுங்கினேன். பேட்டரி ஒயரையும் கழட்டினேன். கட்டையை அந்தம்மாகிட்ட நீட்டினேன். "என்கிட்ட எதுக்குடா குடுக்கற, நம்ம திட்டம் இன்னா, அடுத்தவன்தானே வெச்சுக்கணும்?" அப்படின்னுட்டு பேசினைத் தூக்கிக்கினு கடலுக்குப் போயிடுச்சு. நான் கட்டையைப் பையில போட்டுக்கினு வேலைக்குப் போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. இன்னான்னு சொல்றது, எனக்கே ஒண்ணும் புரியல.

அன்னிக்குப் பொழுது சாஞ்சு இருட்டினதும், மொதல்ல படகுக்காரன் ஒருத்தன் கரையிலேர்ந்து ஓடி வந்தான். நர்ஸம்மா லைட்டு எரியலன்னான். அப்பறம் உப்பளத்துப் பக்கத்துலேர்ந்து பொம்பளைங்க. "லைட்டு இல்லியே, அவங்க ஊருக்கும் போவலியே." ஊருக்குப் போவல, லைட்டும் இல்லன்னா எங்க ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஒருத்தி அப்பவே அழ ஆரம்பிச்சுட்டா. நான் டார்ச்சை எடுத்துக்கினு ஓடினேன், சொல்லி நிறுத்தலாம்னு. எங்க நிறுத்தறது. கோயில் தெருவுலேர்ந்து வர்றாங்க, பள்ளிவாசல் தெருவுலேர்ந்து தொப்பியோட வர்றாங்க, சர்ச்சுல சிலுவைப்பாதை செஞ்சுக்கினு இருந்தவங்க பாதியில வர்றாங்க. நாட்டாரு, மோதினாரு, உபதேசியாரு மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கினு கேட்டுகிட்ட வந்து நிக்கறாங்க. எல்லார் கையிலயும் டார்ச்சு, செல்போன் லைட்டு. அந்த வீட்டு வாசல் மினாராவைவிடப் பளபளன்னு ஆயிடுச்சு.

கதவைத் தொறந்துக்கினு நர்ஸம்மா வெளிய வந்துச்சு. கண்ணைச் சுருக்கிக்கினு பார்த்துச்சு.

"இன்னாடா கூட்டம்?"

நாட்டாருதான், "லைட்டு எரியல,"ன்னாரு.

"அணைச்சுட்டேன். குஞ்சுங்க உங்க லைட்டுக்கு வரலடா. என் லைட்டுக்குத்தான் வந்துச்சு. வீணா ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்படாதீங்க. இவனையும்தான்." என்னைக் காட்டுச்சு.

மோதினாரு சொன்னாரு, "அந்த ஒரு லைட்டு இருந்துட்டுப் போகட்டும் நர்ஸம்மா." உபதேசியாரு, "ஆமாங்க, அது மட்டும் இருக்கட்டும்." நாட்டாரு, "லைட்டைப் போட்டுடறா, கட்டையை மாட்டு"ன்னு என்னைப் பார்த்துச் சொல்றாரு. அந்தம்மா சொல்லிக் குடுக்காம மூணு பேரும் ஒரே பேச்சா நின்னது அன்னிக்குத்தான். எனக்கும் மாட்டணும்னுதான் இருந்துச்சு. பையில கையை விட்டுட்டேன்.

"டேய் லைட்டு, கையை எடு," அப்படின்னுது. "புடுங்கச் சொன்னா புடுங்கிட்டுப் பேசாம போயிடறதா? ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? அறிவு கெட்டவனே, இவங்களை எப்படி ஓட விட்டிருக்க பாரு. எல்லாரும் டார்ச்சை அணைங்கடா மொதல்ல. குஞ்சு வரும் நேரம்."

திட்டு விழுந்துச்சு. அப்போ நான் செஞ்சது சரின்னு அர்த்தம். அழுவறதா சிரிக்கறதான்னு தெரியாம நின்னேன்.

ஒவ்வொண்ணா டார்ச்சு அணைஞ்சுது. செல்போனும் அணைஞ்சுது. எங்க ஊர்ல அந்த மாதிரி இருட்டை நான் பார்த்ததே இல்ல. பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி தெரியல, எந்தத் தெருக்காரன்னு தெரியல.

"யாரு யாருடா வந்திருக்கீங்க?" இருட்டுக்குள்ளேர்ந்து அந்தம்மா கேட்டுச்சு.

"நான்தான் நர்ஸம்மா," அப்படின்னான் ஒருத்தன். அந்தம்மா டக்குனு அவன் பேரைச் சொல்லுச்சு. "நானும்தான்," அப்படின்னா ஒரு பொம்பளை. அவ பேரையும் சொல்லுச்சு. நான்தான், நான்தான்னு எல்லாப் பக்கத்துலேர்ந்தும் குரலு வருது. ஒண்ணைக்கூடத் தப்பாச் சொல்லல. அந்தக் குரலையெல்லாம் பொறந்தப்ப மொதல்ல கேட்டதே அந்தம்மாதானே.

"நான்தான்," அப்படின்னேன் நானும். என் பேரைச் சொல்லுச்சு. லைட்டுன்னு சொல்லல.

கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, வந்துட்டீங்க இல்ல, வீட்டுக்குப் போங்க,"ன்னுது. யாரும் போவல.